ஒன்பதாம் புள்ளி

அந்த வருடம் மரக்கன்று விற்கும் கன்றுக்காரர் வீட்டில் பூ இல்லை. ஆனாலும் ஊரார் அவர் மனைவியைப் பூக்காரம்மா என்றேதான் கூப்பிட்டார்கள். கூப்பிடும்போதெல்லாம் அவள் திரும்பிப் பார்க்க ஒரு நொடி தாமதமாகும்.

கிணற்றுக்கும் வேலிக்கும் நடுவே இருந்த துண்டு நிலம் அவளுடையது. பன்னிரண்டு வருடம் அங்கே ரோஜாவும் செண்டுமல்லியும் வளர்த்தாள். வெயில் ஏறுவதற்குள் பறித்து, ஈரச் சாக்கில் சுருட்டி, கடைத்தெருப் பூக்கடைக்குக் கொண்டுபோவாள். இப்போது அந்த இடத்தில் கறுப்புப் பைகள் அறுநூறு, வரிசையாக நின்றன. ஒவ்வொரு பையிலும் ஒரு மல்பெரிக் குச்சி. பையில் நிரப்பிய மண்ணும் அவளுடைய பாத்தி மண்தான். எருப் போட்டு, காய்ந்த இலை போட்டு, கையால் உடைத்து உடைத்து மாவு மாதிரி ஆக்கி வைத்திருந்த மண். அதை அள்ளி நிரப்பியதும் அவளேதான்.

மல்பெரிக் கன்று என்றால் அந்தப் பக்கத்தில் அவள் புருஷன்தான். ஒரு காலத்தில் தெருக்களில் நின்ற மல்பெரி மரங்கள் பழம் உதிர்த்து நடைபாதையையெல்லாம் ஊதாவாக்கின. வெள்ளைச் சட்டைக்காரர்கள் திட்டினார்கள். வழுக்கி விழுந்தவர்கள் மனு எழுதினார்கள். மரங்கள் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டன. அப்போதுதான் கன்றுக்காரர் ஒன்றைக் கவனித்தார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு மரங்கள் ஒருநாளும் காய்க்கவில்லை. அவற்றின் கிளையில் சிவப்புத் துணி கட்டி அடையாளம் வைத்தார். அதிலிருந்து பென்சில் கனத்தில் குச்சி வெட்டினார். தலைகீழாக நட்டுவிடக் கூடாதென்று அடியில் சாய்வெட்டு, மேலே நேர்வெட்டு. குச்சி என்பது தாய்மரத்தின் துண்டுதானே, எதுவும் மாறாது. நட்டது எதுவும் காய்க்கவில்லை. நிழல் உண்டு, குப்பை இல்லை. பத்து வருடத்தில் ஊரின் பாதித் தெருக்களில் அவர் மரம் நின்றது.

அவருக்கு வாய் கிடையாது. வாய் அவள்தான். கன்று கேட்டு யார் வந்தாலும் அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டு நிற்பார், அவள் பேசுவாள். காய்த்த மரம்தானே கல்லடி படும், எங்க மரத்து மேல ஒரு கல்லும் விழாது என்பாள். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே பத்துக் கன்று கூட எடுப்பார்கள். அவர் கேட்காத கேள்விக்கும் அவர் சொல்லாத பதிலுக்கும் சேர்த்து அவளே பேசிப் பேசிப் பழகியிருந்தது.

குளிர் விட்டு வெயில் வரும் ஆறு வாரத்துக்கு ஒவ்வொரு வருடமும் மகள் தும்முவாள். நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் தும்மல் ராணி என்று பெயர். காலையில் எழுந்ததும் ஒன்று ஆரம்பித்தால் பதினேழு, பதினெட்டு என்று எண்ணலாம். கண் சிவந்து இமை வீங்கிவிடும். மேலண்ணம் அரிக்கிறது என்று நாக்கால் தேய்த்து ஒரு சத்தம் எழுப்புவாள். கோழி கேறுவது போல இருக்கும். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் வருடம் மூச்சிலும் விசில் கேட்டது. அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்த நாத்தனார் ஆரம்பத்திலிருந்தே ஒன்றைத்தான் சொன்னாள். வீட்டைச் சுத்திப் பூவை வச்சுக்கிட்டு மூக்கை மட்டும் திட்டினா எப்படி? பூ வளர்ற வீட்டுல பிள்ளை வளராது. இப்படி ஒரு பழமொழி இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மெஷின் ஓடும் தாளத்தில் சொல்லும்போது இருப்பது போலவே கேட்கும்.

போன வருடம் ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்திப் பார்த்து, எது ஆகவில்லை என்று சொல்லிவிடுவார்கள் என்றார்கள். அன்று பூக்கடைக்கு அவள் நூறு முழம் கட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. கன்றுக்காரர்தான் மகளைக் கூட்டிப்போனார். மத்தியானம் திரும்பி வந்து, குழாயடியில் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"பூ ஆகாதாம். ரோஜாவும் செண்டுமல்லியும். ரெண்டும்."

ஒரே மூச்சில் மூன்று வாக்கியம் அவருக்கு அதிகம். அவள் டெஸ்ட் காகிதத்தைக் கேட்கவில்லை. அவர் பேசுவதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒரு பொய் இருக்கக்கூடும் என்று தோன்றவே இல்லை.

இரண்டு நாளில் அவளே எல்லாவற்றையும் தோண்டினாள். செண்டுமல்லி இழுத்தால் வந்துவிட்டது. ரோஜா வரவில்லை. பன்னிரண்டு வருடத்து வேர், கிணற்றுச் சுவர் வரை போயிருந்தது. கன்றுக்காரர் கடப்பாரையோடு வந்து நின்றார். நீங்க போங்க, நானே பார்த்துக்கிறேன் என்றாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். அவருக்கு மனசு தாங்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு உள்ளே மகள் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, கண்ணாடி வழியாக, "சாரிம்மா, சாரிம்மா" என்று வாயசைத்தாள்.

அன்று முதல் மகளுக்கு அத்தை பக்கத்தில் படுக்கை. உன் தலையிலயும் சேலையிலயும் ஊறிப்போன தூளு இருக்கும், கொஞ்ச நாளைக்குக் கிட்ட சேர்க்காதே என்று நாத்தனார் சொன்னாள். அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு வாரத்தில் தும்மல் நின்றது. பார்த்தியா என்றாள் நாத்தனார். அவளும் பார்த்தாள். நல்லவேளை டெஸ்ட் எடுத்தீங்க என்று புருஷனிடம் சொன்னாள். அவர் தலையைக் குனிந்து குச்சி சீவினார். கொஞ்ச நாள் என்பது ஒரு வருடமாக நீண்டது. காலி நிலத்தில் பைகள் வந்து உட்கார்ந்தன. ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டும் குடியிருப்புக்கு அறுநூறு கன்று கேட்டிருந்தார்கள்.

இந்த வருடம் வெயில் வந்தது. வீட்டில் பூவே இல்லை. மகள் முன்னைவிட மோசமாகத் தும்மினாள்.

நாத்தனாருக்கு இதற்கும் பதில் இருந்தது. பூக்கடை வழியாகப் பள்ளிக்குப் போகக் கூடாது என்றாள். வகுப்பில் டீச்சர் மேசைமேல் இருந்த பூ ஜாடியையும் எடுக்கச் சொல்லி அனுப்பினாள். டீச்சர் எடுத்துவிட்டார். பிளாஸ்டிக் பூ என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறை வாசற்படியில் மகளை உட்கார வைத்து, குளிர்ந்த நீரில் நனைத்த துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். அடுப்பில் கஞ்சி கொதித்தது. மகள் முழங்கையின் உட்பக்கம் பேனாவால் எண்கள் எழுதியிருந்தாள். என்னடி கை முழுக்கக் கிறுக்கல் என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரி விளையாட்டும்மா. போன வருஷம் இப்படித்தான் நம்பர் போட்டாங்க. ஒண்ணுலேர்ந்து பன்னெண்டு. ஒவ்வொரு நம்பர்கிட்டயும் ஒரு சொட்டு, ஒரு குத்து."

"எதெது வீங்குச்சு?"

"ஒன்பது. பட்டாணி மாதிரி. அப்புறம் பன்னெண்டு. ஆனா பன்னெண்டு எல்லாருக்கும் வீங்குமாம், மருந்து வேலை செய்யுதான்னு பார்க்க. அதைச் சேர்க்கக் கூடாதாம். சொறியக் கூடாதுன்னு அப்பா என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரு."

"வேற எதுவும் வீங்கலையா?"

"இல்லையே. ஒன்பது மட்டும்தான்."

துணியிலிருந்து தண்ணீர் சொட்டி மகளின் பாவாடை நனைந்தது. ரோஜா ஒன்று. செண்டுமல்லி ஒன்று. இரண்டு பூவுக்கு இரண்டு புள்ளியல்லவா வீங்கியிருக்க வேண்டும்? கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தபோதுதான் அவள் எழுந்தாள்.

திங்கட்கிழமை மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊசி போடும் அறையில் இருந்த நர்ஸ், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசைமேல் தேடுகிறவள். பேச ஆள் கிடைத்தால் விடமாட்டாள். பழைய நோட்டைப் புரட்டி, விரலை வைத்து, இதோ என்றாள்.

"ஒன்பது, மல்பெரி. ரோஜா சுத்தமா இல்ல. செண்டுமல்லியும் இல்ல. உங்க வீட்டுக்காரர்கிட்ட விவரமாச் சொன்னேனே. வேற மரமா இருக்குமான்னு ரெண்டு தரம் கேட்டாரு, பாவம். காகிதத்தை நாலா மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாரு."

அவள் நோட்டில் அந்த வரியைத் தானும் ஒரு தரம் படித்தாள். தான் பூ வளர்த்ததையும் பிடுங்கியதையும் சொன்னாள். யாரோ தெரிந்தவர் வீட்டுக் கதை போலச் சொன்னாள்.

"எல்லாரும் அப்படித்தாம்மா. கண்ணுக்கு அழகா இருக்கறது மேலதான் பழி போடுவாங்க," என்றாள் நர்ஸ். "ரோஜாவுக்கு நிறமும் மணமும் எதுக்கு? தேனீயைக் கூப்பிட. அதோட தூள் கனமா, பிசுபிசுன்னு இருக்கும். தேனீ கால்ல ஒட்டிக்கிட்டுத்தான் போகும், தானாப் பறக்காது. மல்பெரிப் பூவைப் பார்த்திருக்கீங்களா? பச்சையாப் புழு மாதிரி தொங்கும், அதைப் பூன்னே யாரும் சொல்ல மாட்டாங்க. தேனீ எட்டிக்கூடப் பார்க்காது. காத்துதான் தூது. காத்து எங்க கொண்டுபோய்ப் போடும்னு அதுக்கே தெரியாதே, அதனால அள்ளிக் கொட்டும். பொடிப் பொடியா, காஞ்சு, லேசா."

"விஷமா அது?"

"சேச்சே. பெண் பூ மேல விழுந்து ஈரம் பட்டா, உள்ள இருக்கற புரதத்தை அவுத்து விடும். உறவு சொல்ற மாதிரின்னு வச்சுக்குங்களேன். மூக்குக்குள்ளயும் ஈரம்தானே? அங்க விழுந்தாலும் அவுத்து விட்டுடும், சில நிமிஷத்துல. முக்கால்வாசிப் பேர் உடம்பு அதைக் கண்டுக்காது. உங்க பொண்ணு உடம்பு அதைத் திருடன்னு நெனச்சுக்கிச்சு. ஒரு தரம் நெனச்சா மறக்காது. வர்ற வருஷமெல்லாம் பட்டாளத்தை எழுப்பிடும். தும்மல், தண்ணி, அரிப்பு எல்லாம் அது போடற சண்டை. எதிரியே இல்லாத சண்டை."

பிறகு நர்ஸ் ஒன்று சொன்னாள். பெரும்பாலும் மல்பெரியில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. பழம் பெண் மரத்தில்தான், தூள் ஆண் மரத்தில்தான்.

"எங்க ஊர்ல இருக்கறது எல்லாமே காய்க்காத மரம்," என்றாள் அவள்.

"எல்லாமேவா? அட பாவமே. அப்போ அந்தத் தூளுக்கு மூக்கை விட்டா போக்கிடமே கிடையாது," என்று நர்ஸ் சிரித்தாள். சிரித்த பிறகுதான் எதிரே இருந்தவளின் முகத்தைப் பார்த்தாள். மூக்கில் அடிக்கிற ஒரு மருந்தின் பெயரை எழுதி, குழந்தையைக் கூட்டி வாங்க, இதைச் சரியா வச்சுக்கலாம், பயப்பட ஒண்ணுமில்ல என்று காகிதத்தை நீட்டினாள். போன வருட முடிவையும் இன்னொரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் மரங்கள் நின்றன. துளிர் இலைகளுக்கு நடுவே பச்சைச் சரங்கள். ஒரு காற்று வந்தது. சரங்களிலிருந்து மெல்லிய புகை போல ஒன்று எழுந்து, தெரு நீளத்துக்குப் போனது. நின்றிருந்த சைக்கிளின் சீட்டில் அவள் விரலால் கோடு இழுத்தாள். விரல் மஞ்சளாக வந்தது. இத்தனை வருடமும் இதைத் தூசி என்றுதான் துடைத்தாள்.

நடந்துகொண்டே ஒவ்வொன்றாக அவளுக்குப் புரிந்தது. இந்த ஒரு வருடமாகக் கன்றுக்காரர் மகள் விஷயத்தில் மாறியிருந்தார். வெயில் காலம் ஆரம்பித்ததும், மகள் பள்ளியிலிருந்து வந்தவுடன் வெந்நீர் வைத்துத் தானே தலையை அலசிவிட்டார். ஜன்னல் விளிம்பை ஈரத் துணியால் துடைத்தார். காலைக் காற்றில் வெளியே விடாதே, துணியை வெளியே காயப்போடாதே என்றார். பெண்ணைப் பெற்ற அப்பா என்றால் இப்படி இருக்கணும் என்று அவள் பக்கத்து வீடுகளில் பெருமை பேசினாள். பாசம் என்று நினைத்தது பாசம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. எதனிடமிருந்து காப்பாற்றுகிறோம் என்று தெரிந்துதான் காப்பாற்றியிருக்கிறார்.

பூக்கடையில் நின்று, இரண்டு ரோஜாவும் ஒரு பிடி செண்டுமல்லியும் கேட்டாள். கடைக்காரி, "என்ன பூக்காரம்மா, கிணறு வந்து வாளிகிட்டத் தண்ணி கேக்குது?" என்றாள். அவள் காசை நீட்டினாள். கடைக்காரி வாங்கிக்கொள்ளவில்லை.

கன்றுக்காரர் கொட்டகையில் இருந்தார். மடியில் சாக்கு விரித்து, குச்சிகளைச் சீவிக்கொண்டிருந்தார். அடியில் சாய்வெட்டு, மேலே நேர்வெட்டு. அவள் நர்ஸ் கொடுத்த தாளை அவர் மடியில் வைத்தாள். அவர் படித்தார். படிக்க ஒன்றுமில்லை, இருந்தும் வெகுநேரம் படித்தார்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்," என்றார்.

"எப்போ?"

அவர் கத்தியைச் சாக்கில் துடைத்தார்.

"பாதி ஊர்ல என் மரம் நிக்குது. என் மரம்தான் புள்ளைங்களுக்கு ஆகலைன்னு ஒருத்தன் ஆரம்பிச்சா, எல்லாத்தையும் வெட்டுவான். எனக்கு வேற என்ன தெரியும்? பூன்னா திரும்ப வச்சுக்கலாம். மரம் அப்படி இல்ல."

"ஊர்கிட்ட மறைச்சீங்க, சரி. என்கிட்ட எதுக்கு மறைச்சீங்க?"

அவர் தாளை நாலாக மடித்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே மறைச்சிருப்பேன். உங்களுக்காக ஊர் முழுக்கப் பேசினவ நான். இதையும் பேசியிருப்பேன், தப்புன்னு தெரிஞ்சே பேசியிருப்பேன். என்னை நம்பலை நீங்க. என் கையாலயே என் செடியைப் புடுங்க வச்சு, கடப்பாரையைப் புடிச்சுக்கிட்டு நின்னு பார்த்தீங்க."

"அன்னைக்குச் சொல்லிடலாம்னுதான் வந்தேன்."

"வந்தீங்க. அப்புறம் அதே எடத்துல பையை அடுக்கச் சொன்னீங்க. அவ படுக்கற ஜன்னலுக்கு நேரா."

அவர் திரும்பிப் பார்த்தார். பைகளில் நின்ற குச்சிகள் இடுப்பு உயரம்கூட இல்லை. ஆனால் வயதான கிளையில் வெட்டியவை. முதல் வருடமே சரம் விட்டிருந்தன. அவர் அதை எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

"ஆறு வாரம்தானே," என்றார், வெகு மெதுவாக.

"எனக்கு ஒரு வருஷம். அவ என் பக்கத்துல படுத்து ஒரு வருஷம் ஆச்சு."

குச்சிக் கட்டு அவர் மடியிலிருந்து சரிந்தது. அவர் எடுக்கவில்லை.

"பள்ளிக்கூடம் விட்டு வருவா. நீங்களே சொல்லுங்க," என்றாள்.

"நீ சொன்னா ஆகாதா? எனக்குப் பேச வராது. உனக்குத் தெரியும்."

"பொய் வந்துச்சே. மூணு வாக்கியம்."

நாலு மணிக்கு மகள் வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. அம்மா முன்னறையில் பூவோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் இரண்டடி பின்னால் போனாள். கை தானாக மூக்கைப் பொத்தியது. நாத்தனார் மெஷினை நிறுத்தாமலே, உனக்குப் பைத்தியமா, புள்ளையைக் கொல்லப் போறியா என்றாள்.

"கொஞ்சம் இருங்க அண்ணி," என்றாள் அவள். மகளை அருகே கூப்பிட்டாள். "வா. மோந்து பாரு. ஒண்ணும் ஆகாது."

"வேணாம்மா."

"அம்மா சொல்றேன்ல."

மகள் வந்தாள். ரோஜாவை ஒரு விரல் தூரத்தில் பிடித்தாள். அப்புறம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, குளத்தில் குதிக்கிறவள் போல முகத்தைப் புதைத்தாள். எடுத்தாள். காத்திருந்தாள். உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள். இருபது வரை எண்ணினாள், முப்பது வரை எண்ணினாள். செண்டுமல்லியை எடுத்து அதையும் மூக்கில் தேய்த்தாள். மூக்கு நுனியில் மஞ்சள் ஒட்டியது. மறுபடி எண்ணினாள்.

மெஷின் நின்றிருந்தது.

"வரலை," என்றாள் மகள்.

"வராது. பூவால உனக்கு எப்பவுமே ஒண்ணும் ஆகல."

மகள் பூவையும் அம்மாவையும் பார்த்தாள். அவள் சந்தோஷப்படுவாள் என்று அம்மா நினைத்திருந்தாள். அவள் சந்தோஷப்படவில்லை.

"அப்போ நான் எதுக்கு அத்தைகிட்டப் படுத்தேன்?"

நாத்தனார் தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே விட்டாள். தம்பி என்கிட்டகூட வேற ஒண்ணும் சொல்லலையே என்று யாரிடமும் இல்லாமல் முணுமுணுத்தாள்.

அப்போது கன்றுக்காரர் பின்கட்டிலிருந்து வந்தார். கையில் வெந்நீர் வாளி, தோளில் துண்டு. நேரம் தவறாமல் தலை அலசிவிட வந்திருந்தார். பூவைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றார். வாளியிலிருந்து ஆவி எழுந்தது.

மகள் அவரிடம் போனாள். சட்டைக் கையை மேலே தள்ளி, முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். பேனா எண்கள் பாதி அழிந்திருந்தன. ஒன்பது மட்டும் தெளிவாக இருந்தது.

"அப்பா, ஒன்பது என்னது?"

அவர் மனைவியைப் பார்த்தார். கன்று கேட்டு யாராவது வந்து நிற்கும்போது பார்ப்பாரே, அதே பார்வை.

அவளுக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. அவர் சங்கடப்படும்போதெல்லாம் முந்திக்கொண்டு பேசியே பழகிய நாக்கு. அவள் வாயை மூடிக்கொண்டு, செண்டுமல்லியின் காம்புகளை ஒன்றுசேர்த்துக் கட்டினாள்.

மகள் கையை இறக்கவில்லை. வாளியில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.